முழு விவரம் பெட்டியின் மேல்

மாடி வீட்டு நர்ஸ் குழந்தையின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் நகத்தால் கீறினாள். கைக்குழந்தை சிணுங்கக்கூட இல்லை. மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

"என்ன குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கலக்கா. உள்ளங்கால்ல தடவினேன். ஆன்லைன்ல வாங்கின தூக்கத் தைலம்."

தையற்காரி பாட்டிலை எடுத்து நீட்டினாள். பள்ளிச் சீருடைகள் மலையாய்க் குவிந்து கிடந்தன. மெஷினை மிதித்தாலே பிள்ளை வீல் வீலென்று கத்தியது. கைபேசியில் சிரித்த ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்து வாங்கிவிட்டாள். வெளுத்ததெல்லாம் பால்தானே அவளுக்கு. தடவிய முதல் நாளே நல்ல தூக்கம். "எனக்கும் ரெண்டு சொட்டு தடவேன்" என்று புருஷன்கூடக் கேலி பண்ணினான். இன்று காலையில் தூங்கிய பிள்ளை மதியமாகியும் எழவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஆஸ்பத்திரியில சட்டுனு மாத்து மருந்து போட முடியும். பாட்டில்ல ஒண்ணுமே எழுதலையே! அது வந்த பெட்டியைத் தேடி எடு. நான் போய் ஒரு வண்டி பிடிச்சுட்டு வரேன்."

பெட்டியா? கெட்டியான அட்டை கிடைத்தால் தையற்காரி விடுவாளா? வந்த அன்றே அதைக் கத்தரித்து, சட்டைக் கழுத்து வெட்டுவதற்கு மாதிரி அட்டையாக ஆக்கிவிட்டிருந்தாள். ஆணியில் தொங்கியதைப் பிடுங்கினாள். துணிக்கழிவுச் சாக்கைக் கொட்டி மிச்சத் துண்டுகளைப் பொறுக்கினாள். தரையில் ஒட்டவைத்துப் பார்த்தபோது எழுத்துகள் கூடி வந்தன: 'முழு விவரம் எங்கள் விற்பனைப் பக்கத்தில்.' கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அடியோ அடியில், எறும்பு எழுத்தில்: 'முழு விவரம் பெட்டியின் மேல்.' செய்தவன் பேரும் இல்லை, ஊரும் இல்லை. ஒரே ஒரு எண் இருந்தது.

அழைத்தாள். மணி முழுதாக ஒரு தடவை அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

"சொல்லும்மா." பெற்றவள் குரல்போல அத்தனை குழைவு.

"அந்தத் தைலத்துல என்ன கலந்திருக்கீங்க? பிள்ளை எந்திரிக்க மாட்டேங்குது."

"மெஷினை நிறுத்திட்டியா?"

தன் தொழிலை அவர்களிடம் சொன்னதாக அவளுக்கு நினைவே இல்லை.

"நீங்க யாரு? எங்கேருந்து பேசுறீங்க?"

"இடது கால்ல கொஞ்சம் கூடுதலாத் தடவிட்டே. பரவாயில்ல. நர்ஸு வண்டி பிடிக்கப் போயிட்டாளா?"

பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"என்ன கலந்திருக்கீங்கன்னு கேக்குறேன்! தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இருக்கு!"

"இருக்கு கண்ணு. இல்லைன்னு யாரு சொன்னா? நேர்லயே வந்து சொல்றோம்."

இணைப்பு அறுந்தது. பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். அது துவண்டு கனத்தது. தெருவில் வண்டிச் சத்தமே இல்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், வீட்டு மனுஷர் தட்டுவதுபோல.

"அக்கா?"

மறுபடியும் அதே நிதானமான தட்டல். தோளில் கிடந்த தலை மெல்ல நிமிர்ந்தது. பிள்ளை கண் விழித்து, ரொம்ப நாள் பழகியவர்களைக் கண்டதுபோலச் சிரித்து, இரண்டு கைகளையும் கதவை நோக்கி நீட்டித் தாவியது.