காலணிகளை இங்கே விடவும்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடைய ஒரு தவறான ஊகத்தில் பிறந்தது. போன வருடம் ஒரு புதன்கிழமை திருத்தணியில் மலைமேல் போக ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் காலில் செருப்பு இல்லை. வளைவுகளில் வெறுங்காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து இறங்கிவிட்டேன். அந்த ஊரில் வெறுங்காலோடு திரிகிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எல்லோரும் என்னைப் போலவே நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வேண்டுதல் இல்லையென்றால்?

இனிமேல் வருவதெல்லாம் என் கற்பனை. அந்த ஆட்டோக்காரர் இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

"தணிகை மலையின் மீது அதிகாலைச் சூரியன் மெல்ல"

வேண்டாம். சூரியனுக்கும் இந்தக் கதைக்கும் காலை நேரத்தில் வேலை இல்லை. பிற்பாடு வெயிலாக வருவான், அதுவரை பொறுங்கள்.

"தங்கவேல் ஒரு காலத்தில் ராணுவத்தில்"

இதுவும் வேண்டாம். ராணுவம் என்றதும் நீங்கள் மீசையைக் கற்பனை செய்துவிடுவீர்கள். அவருக்கு மீசை இல்லை.

"ஓராண்டில் குறைந்தது இருபத்தைந்து பேர் கொல்லப்பட்டால்தான் அதை ஆயுத மோதல் என்று கணக்கில் கொள்வது ஆய்வாளர்கள் பலரின் வழக்கம்."

இது இருக்கட்டும். இது நான் எழுதிய வரி இல்லை, கல்பனா தன் ஆய்வேட்டில் எழுதிய முதல் வரி. இருபத்து நான்கு பேர் செத்தால் அதற்கு என்ன பெயர் என்று அவள் முதல் வருடம் வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார் பேராசிரியர். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

3

கல்பனா பொதட்டூர்பேட்டைக்காரி. வீட்டுக்குள்ளேயே இரண்டு தறி ஓடும், அந்தச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அவளுக்குக் குரல் கொஞ்சம் தூக்கல். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கிறாள். போர்கள் ஏன் மூள்கின்றன, எப்படி முடிகின்றன என்பதுதான் படிப்பு. அம்மா ஜெயம்மாளுக்கு இதைத் தெருவில் விளக்கத் தெரியவில்லை. "எம் பொண்ணு சண்டைக்குப் படிக்கிறா" என்று சொல்லிவிட்டாள். தெருவும் நம்பிவிட்டது, அந்தக் குரலுக்குப் பொருத்தமான படிப்புதான் என்று.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் செல்போனை எடுத்துத் தேடப் போய்விடுவீர்கள், கதைக்குத் திரும்ப மாட்டீர்கள்.) ஒன்பது வருடத்துக்கு முன் அங்கே இரண்டு ஆயுதக் குழுக்கள் சமாதானம் பேச உட்கார்ந்து, அன்றே பேச்சு முறிந்து, அதற்கப்புறம் இரண்டு வருடம் அடித்துக்கொண்டன. ஏன் முறிந்தது என்பதுதான் அவளுடைய கேள்வி.

அந்த நாட்டை அவள் தேர்ந்தெடுக்கக் காரணம் அக்கா தமயந்தியின் கணவர் தங்கவேல். அவளுக்கு பாவா. அமைதி காக்கும் படையில் அங்கே இருந்தவர். ஓய்வு பெற்று வந்து திருத்தணியில் ஆட்டோ ஓட்டுகிறார். அங்கிருந்து திரும்பிய நாளிலிருந்து செருப்புப் போடுவதில்லை. உயிரோடு வந்து சேர்ந்ததற்கு முருகனுக்கு வேண்டுதல் என்று தமயந்தி நினைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுதலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று அவளும் கேட்டதில்லை.

4

திருத்தணியில் அக்கா வீட்டில் கல்பனா செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டு எதிரே வைத்தாள். தங்கவேல் அதைப் பார்க்காமல் பேசினார்.

"கூடாரம் அடிச்சி உள்ள பாய் விரிச்சேன். புதுப் பாய். ரெண்டு பக்கத்து ஆளுங்களும் வந்துகினு இருந்தாங்க. துப்பாக்கிய வெளிய வாங்கி வைக்கணும், அவ்ளோதான் எனக்கு உத்தரவு. ஆனா பாய் மேல பூட்ஸோட ஏறுறத பாக்க மனசு ஒப்பல மா. நம்ம ஊரு புத்தி. செருப்ப வெளிய உடுங்கன்னு கைய காட்டிட்டேன்."

"கழட்னாங்களா பாவா?"

"ஆங். ஒரு வார்த்தை பேசல. கூடாரத்து வாசல்ல ஒரே குவியல். பேச்சு நல்லாதான் போய்கினு இருந்துச்சி. மத்தியானம் வெளிய வந்தா ஒருத்தன் பூட்ஸ இன்னொருத்தன் மாட்டிகினு நிக்கிறான். அவன் பூட்ஸு புதுசு, இவனுது கிழிஞ்சது. தெரிஞ்சி மாட்னானோ தெரியாம மாட்னானோ. சத்தம் ஏறிச்சி. அப்பால வெடி. பதினோரு பேரு."

சமையலறையில் தமயந்தி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"நீ காரணந்தான படிக்கிற. சொல்லு. காரணம் நானா?"

கல்பனா ஒலிப்பதிவை நிறுத்தினாள். "படிச்சிட்டு சொல்றேன் பாவா" என்றாள். ஒன்பது வருடம் காத்திருந்தவர் அதற்கும் சரி என்று தலையாட்டினார்.

5

இந்த இடத்தில் பழக்கப்பட்ட வாசகர் ஒன்றை எதிர்பார்ப்பார். கல்பனாவின் வீட்டிலும் ஒரு பங்காளிச் சண்டை இருக்க வேண்டும், நடுவில் ஒரு சுவர் இருக்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் அந்தச் சுவர் இடிய வேண்டும். நானும் ஆசைப்பட்டு மூன்று பக்கம் எழுதினேன். சித்தப்பா பெயர் முருகவேல். நன்றாகக் கோபப்பட்டார். ஆனால் அவர் கத்திக்கொண்டிருக்கும்போது அந்தப் பதினோரு பேரை நான் மறந்துபோனேன். அவரை எடுத்துவிட்டேன்.

பேராசிரியரை எடுக்க முடியவில்லை. அவர் வேண்டும். கல்பனாவின் இரண்டாம் அத்தியாயத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்: "காரணங்கள்னா நிலம், கனிமம், ஆட்சி, எல்லைக் கோடு. செருப்பு ஒரு துணுக்கு. சுவாரசியமாத்தான் இருக்கு. அடிக்குறிப்புல போடு."*

* கெட்டவரில்லை. வருடத்துக்கு இருபது ஆய்வேடு திருத்துகிறவர். அவர் சொன்னதைக் கேட்டு கல்பனா குரலை உயர்த்தினாள், பிறகு மன்னிப்புக் கேட்டாள், பிறகு அடிக்குறிப்பில் போட்டாள். தங்கவேலின் ஒன்பது வருடம் சின்ன எழுத்தில் இரண்டு வரி ஆனது. இதோ நானும் அதைச் சின்ன எழுத்தில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

6

ஏப்ரல் கடைசி நாளில் அவளுக்கு அது கிடைத்தது. ஒரு விசாரணை அறிக்கையின் பின்னிணைப்பில், யாரும் புரட்டாத பக்கத்தில். அந்தக் குழுக்களில் ஒன்று முந்தின நாளே சோளக்கொல்லைக்குள் ஆட்களை ஒளித்து வைத்திருந்தது. பேச்சு முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும் சுட வேண்டும், ஒப்பந்தம் ஆனாலும் ஆகாவிட்டாலும் சுட வேண்டும் என்பது உத்தரவு. சுட்டவர்களில் ஒருவனே வாக்குமூலம் கொடுத்திருந்தான்.

மூன்று தடவை படித்தாள். பூட்ஸ் தகராறு வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்த வெடி வெடித்திருக்கும். நூலகத்தில் உட்கார்ந்தபடியே "அப்பாடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாலைந்து தலைகள் திரும்பின.

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கதை முடிந்தது என்று கிடுகிடுவென்று எழுதினேன். தங்கவேலுக்கு பஜாரில் ஒன்பதாம் நம்பர் செருப்பு ஒன்று வாங்கிக்கூட வைத்தேன். தமயந்தி அதைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து

இல்லை. அந்தச் செருப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காரணம் அடுத்த பகுதி.

7

மறுநாள் கல்பனா காலை ரயிலில் வந்து இறங்கினாள். பத்து மணி. அடிவாரத்தில், மலைப்படி தொடங்கும் இடத்தில் தங்கவேல் சவாரிக்கு நின்றிருந்தார். ஆட்டோவை விட்டு இரண்டு படி ஏறி உட்கார்ந்து அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். அவள் அந்தப் பக்கத்தைத் தமிழாக்கி எழுதியே கொண்டுவந்திருந்தாள். வாங்கி வாசித்தார்.

"அப்ப பேச்சு முறிஞ்சதுக்கு நான் காரணம் இல்ல."

"இல்லவே இல்ல பாவா."

"சண்ட மறுபடி வந்ததுக்கும்?"

"இல்ல பாவா. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

தங்கவேல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முகம் தெளிந்த மாதிரி இருந்தது. கல்பனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவுக்கு போன் போட எடுத்தாள்.

"அந்தப் பெரியவரு?" என்றார்.

"எந்தப் பெரியவரு?"

"உங்கிட்ட சொல்லல. அவரு எந்தப் பக்கத்து ஆளும் இல்ல. அந்த ஊரு மனுசன். ரெண்டு பேரையும் கூட்டியாந்து உக்கார வச்சதே அவருதான். ரப்பர் செருப்பு, வாரு அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தாரு. அதத்தான் மொத மொதல்ல நான் கழட்டச் சொன்னேன். வெடிச்சதும் எல்லாரும் வெறுங்கால்லயே ஓடுறாங்க. அவரு மட்டும் குனிஞ்சி அந்தக் குவியல்ல தேடிகினே இருக்காரு. எவ்ளோ கத்துனேன், உடுங்க, ஓடுங்கன்னு. எம் பாஷ அவருக்கு எங்க புரியும்? குனிஞ்சவரு நிமிரவே இல்ல."

கல்பனா போனை மடியில் வைத்தாள்.

"சண்டைக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்ட. நல்லா படிச்சிருக்க மா. அவருக்கு யாரு காரணம்?"

8

அவளுடைய ஆய்வேட்டில் ஐந்து அத்தியாயம் இருக்கிறது. இதற்கு ஒன்றும் இல்லை. என்னிடம் மூன்று முடிவு இருந்தது, மூன்றையும் உங்களிடம் காட்டிவிடுகிறேன்.

"நீங்க இல்ல பாவா" என்று அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். எழுதிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு எழுந்து சவாரிக்குப் போகிறார். மறுநாளும் வெறுங்காலோடு வருகிறார்.

"ஆமா பாவா, நீங்கதான்" என்கிறாள். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எழுதி முடித்ததும் அந்தப் புதுப் பாய் ஞாபகம் வந்தது. விருந்தாளி உட்காரும் பாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்த மனிதரைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

"பெரியவர் பேரு இன்னா பாவா?" என்று கேட்டு, அந்தப் பெயரை அடிக்குறிப்பில் போடாமல் ஆய்வேட்டின் முதல் வரியாக்குகிறாள், இருபத்தைந்து பேர் என்ற வரிக்கும் மேலே. இது நல்ல முடிவு. பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் போட்டிருப்பார்கள். ஆனால் தங்கவேல் கேட்டது அது இல்லையே.

ஆகவே உங்களைக் கூப்பிடுகிறேன். இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், எல்லாம் தெரிந்தவர் நீங்கள். கல்பனா வாயைத் திறந்து உங்களைப் பார்க்கிறாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதை நான் திருத்த மாட்டேன்.

ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். மே மாதம், மணி பதினொன்று ஆகப்போகிறது. படிக்கல் சுட ஆரம்பித்துவிட்டது. நீங்கள் பதில் சொல்லும் வரை அவர் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.