எண்ணெய் தடவிய ரப்பர் வளையம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஈரம் கண்ட அன்று பிறந்த கதை இது. கொத்தனார் சுவரை உடைத்து, உள்ளே இருந்த பைப்பு இணைப்பைக் காட்டி, "இதைப் போட்ட மவராசன் ஆருங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முகம் தெரியாதவனை எப்படித் திட்டுவது? திட்டுவதற்காகவே ஒருவரை உண்டாக்கினேன்.

பெயர் சனாவுல்லா. ஊர் திருப்பூர். ஆண்டு 1974.

[முதல் வாக்கியம் இப்படி இருந்தது: 'சனாவுல்லா நேர்மையானவர், ஆனால்…' அடித்துவிட்டேன். 'ஆனால்' வந்துவிட்டால் முன்னால் சொன்னதை யாரும் நம்புவதில்லை.]

2

இருபது வருஷமாக இரும்புப் பைப்போடு மல்லுக்கட்டியவர். மரை வெட்டுவார், சணல் சுற்றுவார், குறடு போட்டு முறுக்குவார். பாய் போட்ட பைப்பு ஒழுகியதாக அவிநாசி முதல் பல்லடம் வரை பேச்சே கிடையாது.

ரத்தினசாமி முதலாளி தம் பனியன் கம்பெனிக்குப் புதுக் கட்டடம் கட்டினார். பைப்பு எதுவும் கண்ணில் படக்கூடாது, எல்லாம் சுவருக்குள் போக வேண்டும் என்றார். கோயம்புத்தூரிலிருந்து பிளாஸ்டிக் பைப்பு வந்து இறங்கியது. மரையும் கிடையாது, முறுக்கும் கிடையாது. ஒன்றின் வாயில் ரப்பர் வளையம் இருக்கும். இன்னொன்றை உள்ளே அழுத்தினால் வேலை முடிந்தது. சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்தச் சொல்லியிருந்தார் கடைக்காரர்.

சனாவுல்லா பைப்பு பூட்டிய அன்றைக்குச் சோப்பு இல்லை. ஆனால் பனியன் கம்பெனியில் எது இல்லாவிட்டாலும் எண்ணெய் இருக்கும். நிட்டிங் மிஷினின் ஊசிகளுக்கு விடும் எண்ணெய்க் குப்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரும்போடு வாழ்ந்த மனிதருக்கு எண்ணெய் கெடுதல் செய்யும் என்று எப்படித் தோன்றும்? இரண்டு சொட்டு விட்டார். பைப்பு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கொத்தனார் சுவரைப் பூசிவிட்டார்.

(எண்ணெய் பட்ட ரப்பர் முதலில் ஊதும், பிறகு கொழகொழத்துப் போகும். இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். அவருக்குத் தெரியாததைக் கீழே எழுதி நான் புத்திசாலியாவது பிடிக்கவில்லை.)

3

எட்டு மாதம் போயிற்று. பனியன் மடிக்கும் அறையின் மூலையில், பொன்னாத்தாள் உட்கார்ந்து மடிக்கும் இடத்தில், தரை ஈரமானது. அவளுடைய குடிதண்ணீர்ப் பானையும் அங்கேதான் இருந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த வெள்ளைப் பனியனில் இரண்டு மூட்டை மஞ்சள் பூத்துவிட்டது. மேனேஜருக்கு யோசிக்கிற வேலையே இல்லை. பானையை எடுத்து வெளியே வைத்தார், கூடவே பொன்னாத்தாளையும் அனுப்பிவிட்டார்.

நான்காம் நாள் வேறொரு குழாயைப் பார்க்க வந்த சனாவுல்லாவை முதலாளி அந்த மூலைக்குக் கூட்டிப்போனார்.

"பானையை எடுத்து மூணு நாளாச்சுங்க பாய். இன்னும் ஈரம் நிக்கலை. செவுத்துக்குள்ள ஏதாச்சும் இருக்குமுங்களா?"

சனாவுல்லா சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்ததுமே தெரிந்துவிட்டது.

"பழைய ஈரமுங்க மொதலாளி. காய நாளாகும்."

போகிறபோது, யாரும் பார்க்காமல், அந்தச் சுவர் வழியாக அதிகம் திறக்காத ஒரு குழாய்க்குப் போகும் பைப்பின் வால்வை மூடிவிட்டுப் போனார். ஈரம் காய்ந்தது. பொன்னாத்தாள்தான் குற்றவாளி என்பதும் உறுதியாயிற்று.

4

இங்கே நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் எழுதவில்லை. திட்டத்தானே இவரை உண்டாக்கினேன்? திட்ட வரவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என் உள்ளங்கையும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். அது எனக்குக் கசக்கிறது.

5

அதனால் அவரை அனுப்பர்பாளையத்துக்கு அனுப்பினேன். 'சரக்கைக் கெடுத்தவள்' என்று பெயராகிவிட்டதால் எந்தக் கம்பெனியும் பொன்னாத்தாளைச் சேர்க்கவில்லை. அங்கே ஒரு பாத்திரப் பட்டறையில் பித்தளைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கரி. வாசலுக்கு வந்தாள்.

"அம்மிணி, உன்ற பானை ஒழுகலே. நான் போட்ட பைப்புதான் ஒழுகுச்சு."

"என்ற பானை எனக்குத் தெரியாதுங்களா பாய்? இதை எங்கிட்டச் சொல்லவா இத்தன தூரம் வந்தீங்க? மொதலாளிகிட்டல்ல சொல்லோணும்?"

"சொன்னா என்ற பொழப்புப் போயிருமே அம்மிணி."

"என்றது போயிருச்சுங்களே."

6

முடிவு ஒன்று: சொல்கிறார். முதலாளி சுவரை உடைக்கிறார். பாய்க்கு அதற்குப் பிறகு திருப்பூரில் வேலையில்லை. பொன்னாத்தாளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அனுப்பியது தப்பு என்றாகிவிடுமே.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. இன்னும் பத்துக் கம்பெனிக்குப் பைப்பு போடுகிறார். இனி சோப்புத் தண்ணீர்தான்.

முடிவு மூன்று: சொல்கிறார். முதலாளி கண்கலங்கி, ஆள்விட்டுப் பொன்னாத்தாளை… [இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை. நான் பார்த்த முதலாளிகள் யாரும் இப்படி இல்லை.]

ஆக, சொன்னாலும் அவளுக்கு வேலையில்லை, சொல்லாவிட்டாலும் இல்லை. "அப்புறம் நான் சொல்லி என்னங்க பிரயோசனம்?" என்று சனாவுல்லா என்னைக் கேட்கிறார். பதில் தெரிந்திருந்தால் மூன்று முடிவு எழுதியிருக்க மாட்டேன். உங்களுக்குத் தெரிந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் என்னிடமும் வேண்டாம், அவரிடமும் வேண்டாம். பொன்னாத்தாள் வாசலில்தான் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.