விரிப்பின் மறுமுனை

விடுதிப் படுக்கை விரிப்பை ஒரு ஆளால் ஒழுங்காக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து விரலோடு விரல் சேர்க்க வேண்டும். புருஷனைக் காசநோய்க்குப் பறிகொடுத்துவிட்டு மடிப்புக்காரி சலவைக்கூடத்துக்குத் திரும்பியபோது, மறுமுனை பிடிக்க யாருக்கும் கை வரவில்லை. ஆளாளுக்கு அவசர வேலை முளைத்தது. வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் இஸ்திரிக்காரிதான் வந்து பிடித்தாள்.

"சீக்கு அவருக்குத்தானே வந்துச்சு, துணிக்கா வந்துச்சு? பிடி, அக்கா."

அன்றிலிருந்து மடிப்புக்காரியின் காதில் விழுந்த பேச்செல்லாம் அந்த ஒரு வாயிலிருந்துதான். வீட்டில் சுவர்கள் மட்டுமே மிச்சம்.

மழைக்காலம் முடிந்தபின் வாயாடி இருமத் தொடங்கினாள். அதுவும் நீராவி இஸ்திரிப் பெட்டி சீறும்போது மட்டும். சீறல் அடங்குமுன் இருமலை விழுங்கிவிடுவாள். வேறு யாருக்கும் கேட்கவில்லை. மடிப்புக்காரிக்குக் கேட்டது. அவள் புருஷன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இருமியவன். குளிக்கிறார் என்றே அவள் நம்பினாள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

சொன்னால் இவளும் விலகிப் போய்விடுவாள். அந்தப் பயத்தில் சில நாள் வாயைத் தைத்துக்கொண்டு மடித்தாள். ஒருநாள் விரிப்பை உயர்த்தியபோது வாயாடியின் வளையல் முழங்கைவரை வழுக்கியது.

"ஏ வாயாடி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியை டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு வாடி. ஒழுங்கா மாத்திரை போட்டா சரியாயிடும். அவரு லேட்டாப் போனாரு."

வாயாடி முனையைக் கீழே போட்டாள். "உன் புருஷனை வாரிக் குடுத்துட்டு எனக்கும் நாள் குறிக்கிறியா? பாவம்னு வந்து நின்னேன் பாரு, என்னைச் சொல்லணும்க்கா!"

அந்தக் கோபத்திலும் 'அக்கா' மட்டும் வாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல் இஸ்திரி மேசை காலி. மருத்துவமனைக்குப் போனாளா, வேறு இடத்துக்கு ஓடினாளா, தெரியவில்லை. மடிப்புக்காரி ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டுத் தனியாக மடித்தாள். கோணலாக வந்தது.

"என்னம்மா இது, சமோசா மாதிரி?" என்றார் மேஸ்திரி, எட்ட நின்றே.

அடுத்த வாரம் சுகாதாரப் பணியாளர் ஒருத்தி சளி டப்பாக்களோடு வந்தாள். இங்கே வேலை பார்த்த ஒருவருக்குக் காசநோய் மருந்து ஆரம்பித்திருக்கிறது, கூட இருந்தவர்களையும் சோதிக்க வேண்டும் என்றாள். பெயர் சொல்லவில்லை. கூடமே காலி மேசையைப் பார்த்தது.

மருத்துவமனைக்குத்தான் போயிருக்கிறாள். மடிப்புக்காரிக்கு மூச்சு வந்தது.

"ரொம்பக் கிட்ட நின்னு வேலை பார்த்தது யாரு?"

ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

"நான்தாம்மா," என்று மடிப்புக்காரி டப்பாவுக்குக் கை நீட்டினாள். "எதிர்ல நான் ஒருத்திதான் நிப்பேன்."