உப்புக்கப்பல் கைலி

எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் கலீலுல்லாவை ஏமாற்றுகிறவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்பார்கள். சூரத்காரன் நீட்டும் துணியில் ஒரு நூலை உருவி, நெருப்பில் காட்டி, முகர்ந்து பார்த்து, "இது பருத்தின்னா நான் பாதுஷா" என்று திருப்பி அனுப்புகிற ஆள். அப்பேர்ப்பட்டவரை ஒருவன் மட்டும் கண்ணைக் கட்டி எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம். அவன் நடிகன் அமுதரசன்.

போன படத்தில் அமுதரசன் போட்டிருந்த பூப்போட்ட சட்டையைக் கலீலுல்லா மூட்டை மூட்டையாக இறக்கினார். வெள்ளிக்கிழமை வந்த படம் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கவில்லை. அந்தச் சட்டைகள்தான் இன்று வரை கடையில் தூசி தட்டுகின்றன.

இந்தத் தடவை 'உப்புக்கப்பல்'. முதல் போஸ்டர் வந்த அன்றே டோல்கேட்டில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. துறைமுகத்து கிரேனுக்குக் கீழே அமுதரசன்; இடுப்பில் கருநீலத்தில் செம்மண் கட்டம் போட்ட கைலி. நடுரோட்டில் நின்று, லாரிக்காரர்களின் வாழ்த்துகளை வாங்கிக்கொண்டே கட்டங்களை எண்ணினார் கலீலுல்லா. வேறு எவனும் முந்திக்கொள்வதற்குள் குடியாத்தத்துத் தறிக்காரருக்குப் போட்டோ பறந்தது. கடை மாடி கொள்ளாத அளவுக்குச் சரக்கு வந்து இறங்கியது.

கடை, மாமனார் – மனைவி சாபிராவின் அத்தா – வைத்தது. முதல் மூட்டை இறங்கும்போதே அவள் சொல்லிவிட்டாள்: "இந்த வாட்டியும் படுத்துக்கிச்சினா, இனிமே கொள்முதல என் தம்பி முதஸ்ஸிர் பாத்துப்பான். நீங்க ஓரமா உக்காந்து பில் போடுங்க, போதும்."

வாங்கும் உரிமை இல்லாத வியாபாரி பல்லைப் பிடுங்கிய பாம்பு. ஆனாலும் கலீலுல்லா தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வது? அந்த நேரம் அவர் கையில் இருந்த தூசித்துணி, போன படத்துச் சட்டை.

இன்று மாலை ஆறு மணிக்கு டிரைலர். அஸர் தொழுதுவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு மணிக்குச் சற்று முன்னால், பக்கத்துக் கடை பிராங்கிளின் உள்ளே வந்தார். பேண்ட் வியாபாரி. ராயபுரத்து ஆள். சிரித்துக்கொண்டே வந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ரகம். சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

"இன்னா பாய், மூஞ்சி ரிசல்ட்டுக்கு நிக்கிற பையன் மாரி கீது?"

"ரிசல்ட்டு எனக்கில்ல நைனா, உனக்கு. நாளிக்கு உன் பேண்ட்டு கடைக்கு ஈ கூட வராது."

பிராங்கிளின் உட்கார்ந்து ஒரு கைலியைப் பிரித்து மடிமேல் போட்டு, அதற்கடியில் கையை நீட்டினார். துணிக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது மாட்டுச் சந்தை வழக்கம். மற்றவர்கள் காதில் விழக்கூடாத பேரம் என்றால் இவர்கள் இருவருக்கும் அதுதான் பாஷை. கலீலுல்லா கையைக் கொடுத்தார்.

விரல்கள் பேசின. பாதிச் சரக்கு, அடக்க விலைக்குக் கொஞ்சம் கீழே, இப்போதே.

கல்லாவில் இருந்த சாபிராவுக்குத் துணிக்கடியில் நடப்பது தெரியாமலா போகும்? "குடுத்துருங்க. பாதியாச்சும் தப்பிக்கும்."

கலீலுல்லாவின் கட்டைவிரல் மடங்கப் பார்த்தது. மடங்கினால் பேரம் முடிந்தது. கொள்முதல் உரிமையும் பாதி பிழைத்தது. சட்டென்று கையை உருவிக்கொண்டார்.

"அண்ணன் மேல பாதி நம்பிக்க வெக்க, நான் இன்னா பாதி ரசிகனா?"

"அப்ப முழுசா முழுவு பாய்" என்றார் பிராங்கிளின். ஆனால் எழுந்து போகவில்லை. மூன்று பேரும் சுவரில் மாட்டியிருந்த டிவியைப் பார்த்தார்கள்.

டிரைலர் வந்தது. கப்பல் வந்தது, வில்லன் வந்தான், அமுதரசன் வந்தார் – பேண்ட் போட்டுக்கொண்டு. சண்டை, பேண்ட். காதல், பேண்ட். போலீஸ் ஸ்டேஷன், அங்கேயும் பேண்ட். பிராங்கிளின் தொண்டையைச் செருமினார். சாபிரா டிவியை விட்டுவிட்டுப் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மழை. இடுப்பளவு வெள்ளம். நண்பனின் உடலைக் கரையில் கிடத்தியிருக்கிறார்கள். சுற்றி நிற்கும் யாரிடமும் மூட ஒரு துணி இல்லை. அமுதரசன் இடுப்பிலிருந்த கைலியை அவிழ்த்து, உதறி, நண்பனின் முகம்வரை போர்த்திவிட்டு, அரைக்கால் டவுசரோடு மழையில் நிற்கிறார். ஒரு வசனம் இல்லை. திரை இருண்டது.

ரோட்டில் ஒரு விசில் சத்தம் கேட்கவில்லை. கலீலுல்லாவின் கண் நிறைந்து வழிந்தது. இத்தனை வருடத்தில் அண்ணன் இப்படி நடித்ததே இல்லை. அழுதுகொண்டிருக்கும்போதே வியாபாரி புத்தி விழித்துக்கொண்டது.

"மய்யித்து மேல போத்துன துணிய எவன் இடுப்புல கட்டுவான்?" என்றாள் சாபிரா மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை.

பிராங்கிளினின் சட்டைப்பையில் போன் அலறியது. எடுத்துப் பார்த்துக் கட் பண்ணினார். "பேஜாரா பூட்ச்சே பாய்" என்று உச்சுக்கொட்டி, கைலிக்கடியில் மறுபடியும் கையை நீட்டினார். "பழகின பாவத்துக்கு மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்."

விரல் சொன்ன விலை, கடையைப் பெருக்கித் தள்ளுகிற விலை. கலீலுல்லாவின் கட்டைவிரல் தானாகவே மடங்கத் தொடங்கியது. மறுபடி போன். மறுபடி கட். கலீலுல்லாவின் விரல் பாதி மடங்கியபடி நின்றது. பிராங்கிளினின் இன்னொரு விரல் தானாக நீண்டது. சற்று நேரத்தில் அதன் பக்கத்தில் மற்றொன்று.

கலீலுல்லா அழுகையை நிறுத்தினார். கேட்காமலே விலையை ஏற்றுகிறவனை எம்.சி. ரோடு இதுவரை கண்டதில்லை. அதுவும் பிணத்துத் துணிக்கு.

சாபிராவும் வியாபாரி மகள்தான். "யாருண்ணே அது, விடாம அடிக்கிறாங்க? எடுத்துப் பேசுங்க. அவசரமோ இன்னாவோ."

வேறு வழி இல்லாமல் பிராங்கிளின் எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"இன்னாணே, பாய்கிட்ட பேசிட்டியா இல்லியா? வியாசர்பாடி பசங்க மொத்தமும் அத்த கட்டிகினுதான் மொத ஷோவுக்கு போவாங்களாம்! தோஸ்துக்கு அவுத்து போத்துன லுங்கிணே, சும்மாவா? ரெண்டு ரூவா கூட வெச்சாச்சும் மடக்கு!"

பிராங்கிளின் போனைச் சட்டைப்பையில் திணித்தார்.

"அண்ணே, டீ சொல்றேன், குடிச்சிட்டு போங்க" என்றாள் சாபிரா. "கைய மட்டும் வெளிய எடுத்துருங்க."

பிராங்கிளின் கையை எடுத்தார். டீக்கு நிற்கவில்லை.

கலீலுல்லா மனைவியின் முகத்தை நேராகப் பார்க்காமல் கேட்டார். "முதஸ்ஸிர வரச் சொல்லட்டுமா?"

"வரட்டும். கூட்டம் வந்தா பில் போட ஆள் வேணும்ல?"

அவள் அடுக்கின் மேலிருந்து ஒரு கைலியை உருவி, கட்டத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு கல்லாவை விட்டு எழுந்து வந்து, டிவிக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அந்த மழ சீன இன்னொரு வாட்டி போடுங்க. உங்க மூஞ்சிய பாத்துகினு இருந்ததுல நான் சரியாவே பாக்கல."

கலீலுல்லா ரிமோட்டைத் தேடினார். கண்ணீர் மறைத்தது. கைக்கு அகப்பட்ட பூப்போட்ட சட்டையால் துடைத்துக்கொண்டார்; மூன்று தும்மல் வந்தது.