நான் கட் சொல்லவில்லை

ஃபேன் சத்தம் மைக்கில் விழுந்ததால் டமாரிஸ் அதை நிறுத்திவிட்டாள். ஜன்னல்களில் போர்வை, கதவிடுக்கில் துண்டு. பட்டப்பகலை இரவாக்குவதற்கான இந்த ஏற்பாட்டில், ஈக்வடாரின் குவாயாகில் நகர வெயிலுக்கு வீடு வெந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரே ஒரு பல்பு. அதன் கீழே அவளுடைய அப்பா செகுந்தோ, எதிரே அம்மா நார்சிசா. இருவரும் நடிகர்கள் இல்லை. கூப்பிட்டதும் வந்து உட்காரும் நடிகர்கள் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

திரைப்பட வகுப்பின் இரண்டாம் ஆண்டுப் பயிற்சி இது. ஒரு மேசை, இரண்டு பேர், வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். ஒத்தீலியா டீச்சர் போட்ட நிபந்தனைதான் ஆளைக் கொல்வது. எது முக்கியமோ அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. டமாரிஸ் முதலில் எடுத்துக்கொண்டு போனதை டீச்சர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "எல்லாத்தையும் பேசியே தீத்துட்டீங்களே, நான் பார்க்க என்ன மிச்சம் வெச்சீங்க?" இந்த முறையும் தேறாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். கேமராவை அன்று சாயங்காலமே பள்ளியில் ஒப்படைத்தாக வேண்டும். போதாததற்கு இரண்டு மணிக்குமேல் கரண்ட் போகும் என்று அறிவிப்பு வேறு.

ஆனால் அவளை அரித்துக்கொண்டிருந்தது அதெல்லாம் இல்லை. போன வாரம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடி அப்பாவின் கட்டிலுக்கடியில் கைவிட்டபோது ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கையில் தட்டுப்பட்டது. புத்தம் புதுசு, முழங்கால் உயரம். அப்பா முடி திருத்துகிறவர். சலூன் தரையில் நடக்க யாரும் அந்த பூட்ஸ் வாங்குவதில்லை. அந்தத் தெருவில் அதை வாங்கிய ஆண்கள் எல்லோரும் வடக்கே காட்டு வழியாக நடந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள். சிலர் போய்ச் சேர்ந்தார்கள். அப்பாவின் சலூனுக்கு 'தடுப்பூசி' கேட்டு ஆட்கள் வந்து மூன்று மாதமாகிறது. ரவுடிகள் வாங்கும் மாமூலுக்கு அங்கே அதுதான் பெயர். போட்டுக்கொள்ளாதவன் சாவான். அப்பா ஷட்டரை இறக்கிப் பூட்டியவர்தான், திறக்கவே இல்லை.

பார்த்ததை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் கேட்கவும் இல்லை. நேரே போய் உட்கார்ந்து திரைக்கதை எழுதினாள். சொல்லாமல் ஊரைவிட்டுப் போகவிருக்கும் கணவன் நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறான்; ஆறிப்போன சாப்பாடு, போவதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தக் கதைக்கு அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைக்க அவளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

முதல் டேக்கில் அப்பா கல்யாண வீட்டில் வாழ்த்துரை வழங்குவதுபோல் பேசினார். கேமராவுக்குப் பின்னால் வகுப்புத் தோழன் வில்மர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

"நல்லா சத்தமாத்தானே பேசினேன்?" என்றார் அப்பா.

"மைக்கு உங்க சட்டையிலயே இருக்கு. மெதுவா பேசுங்க போதும்," என்றாள் டமாரிஸ். வீட்டில் அப்பாவை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். படப்பிடிப்பில் நடிகர்களை நீங்கள் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது டீச்சர் போட்ட பழக்கம்.

"பாத்தியா, ஒரே நாள்ல என்ன மரியாதை!" என்று அப்பா அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பேட்டரியில் ஓடும் ஒலிப்பதிவுக் கருவியின் ஹெட்போனை டமாரிஸ் மாட்டிக்கொண்டாள். இரண்டாவது டேக். அப்பா வந்தார், உட்கார்ந்தார். அம்மா தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறிப்போச்சு."

"பசியில்ல."

இந்த முறை அப்பாவின் குரல் சரியாக இறங்கியிருந்தது. எழுதியபடி, அடுத்து அம்மா தண்ணீர் ஊற்ற வேண்டும். அம்மா ஊற்றவில்லை. ஜாடியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புது பூட்ஸ் காலக் கடிக்குதா?" என்றாள்.

இந்த வசனத்தை டமாரிஸ் எழுதவில்லை. வில்மர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், என்ன செய்ய என்பதுபோல் ஒரு கையை மட்டும் விரித்தான். ஓடட்டும் என்று அவள் சைகை காட்டினாள். பல்பு வெளிச்சத்தில் அப்பாவின் முகம் சுருங்கியது. இதுவரை தான் எடுத்ததிலேயே நல்ல ஷாட் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரத்திலும் தனக்கு அது தெரிகிறதே என்று கூசியது.

"என்ன பூட்ஸ்?" என்றார் அப்பா.

"எப்பப் போற, செகுந்தோ?"

போயிற்று. சொல்லக்கூடாததை அம்மா சொல்லிவிட்டாள். பயிற்சி பாழ். டமாரிஸ் நிறுத்தவில்லை. அப்பா வாயைத் திறந்தார்.

பல்பு அணைந்தது. தெருவில் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். "கட்!"

படப்பிடிப்பை நிறுத்தச் சொல்வதற்கும், கரண்ட் போவதற்கும், அந்த ஊரில் சொல் ஒன்றுதான். தெருவில் யார் கத்தினால் என்ன, வில்மருக்குக் காதில் விழுந்தது அந்தச் சொல். பழக்க தோஷம், கேமராவை நிறுத்திவிட்டான். அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது.

"அப்பாடா, முடிஞ்சுதா? சட்ட முழுக்க நனஞ்சுபோச்சு. ஜன்னலத் தொறங்கப்பா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருடைய நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்வது ஹெட்போனில் அவளுக்குக் கேட்டது.

"நான் கட் சொல்லல," என்றாள் டமாரிஸ்.

"கேமரா ஓடல, டமாரிஸ்," என்று வில்மர் முணுமுணுத்தான்.

"தெரியும். நான் சொல்லல. உக்காருங்க."

மகளாக, 'உக்காரு' என்று அவள் சொல்லியிருந்தால் அப்பா வெளியே போயிருப்பார்.

"உக்காருங்க. அவங்க உங்கள ஒரு கேள்வி கேட்டாங்க."

நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"செவ்வாய்க்கிழம," என்றார். "விடியறதுக்கு முன்னாடி."

"எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்த?" அம்மாவின் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலை.

"எல்லையத் தாண்டின பிறகு. போன்ல."

அவருக்காவது சொல்லப் பயம். எனக்கு என்ன கேடு, நான் தெரிந்துகொண்டே வசனம் எழுதிக்கொண்டிருந்தேனே என்று டமாரிஸுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

தட்டில் கரண்டி உரசியது. பசியில்லை என்றவர் சாப்பிடத் தொடங்கியிருந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வேகவேகமாக அள்ளிப்போட்டார். அவர் மெல்லுவது ஹெட்போன் வழியாக அவள் காதுக்குள் கேட்டது.

"இருட்டுல அள்ளிப்போடாத," என்றாள் அம்மா. "பொக்காச்சிக்கோ மீனு. முழுக்க முள்ளு."

அவர் நிறுத்தவில்லை. ஒரு முறை செருமினார்.

"குடு இங்க!"

தட்டு மேசைமேல் இழுபட்டது. கண்ணுக்குத் தெரியாத முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, மேசையில் ஒவ்வொன்றாக அம்மா வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க இருக்க?" என்றாள் அம்மா, கோபம் துளியும் குறையாமல். "வாயத் தொற."