எட்டு மணிக்கு வந்தவர்கள்

காலர் தைப்பவள் அறுந்த நூலைக் கோத்துக்கொண்டிருந்தபோது மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. யாரோ மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார்கள். கட்டிங் மேசையருகே மேனேஜர் கையில் தாள்களோடு நின்றார்.

"கம்பெனி வேற ஊருக்கு மாறுது. யாரையும் நாங்க நிறுத்தல. ஒண்ணாந்தேதி காலைல எட்டு மணிக்கு அங்க இருக்கணும். வராதவங்க தானா வேலையை விட்டதா அர்த்தம்."

அந்த ஊர் ரயிலில் ஒன்றரை நாள் தூரம்.

"மூடுறதுக்கு நஷ்டஈடு உண்டே சார்?" என்று கேட்டாள் பட்டன் வைக்கும் அக்கா.

"மூடினாத்தானேம்மா நஷ்டஈடு? நாங்க மூடலையே!"

மேசையில் ராஜினாமாத் தாள்கள் தயாராக இருந்தன. சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். காலர் தைப்பவள் போடவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாற்றல் உத்தரவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"நான் போறேன்" என்றாள் கணவனிடம்.

"பைத்தியமா உனக்கு? அம்மா படுத்த படுக்கையா கிடக்கிறா. யாரு பாக்குறது?"

"நீங்க பாருங்க. நாம வர மாட்டோம்னு நம்பித்தான் அவன் தேதி போட்டிருக்கான். பதினேழு வருஷத்தை ஒரு கையெழுத்துல அழிக்கச் சொல்றான். நான் என்ன, வாயில விரல் வெச்சாக் கடிக்கத் தெரியாதவளா?"

அவன் அம்மாவின் மருந்து டப்பாவை எடுத்து வந்து, எது எந்த வேளைக்கு என்று கேட்டான்.

அவளும், கையெழுத்துப் போடாத பட்டன் அக்காவும் ஒண்ணாந்தேதி விடியற்காலையில் ரயிலிறங்கி, பஸ் பிடித்து, கடைசியில் இரண்டு மைல் நடந்தார்கள். உத்தரவில் இருந்த முகவரியில் ஒரு மதில் இருந்தது. உள்ளே இடுப்பளவு புதர். நாலைந்து தூண்கள், கூரை இல்லை. தகரக் கொட்டகையிலிருந்து காவல்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"யாரும்மா?"

"வேலைக்கு வந்திருக்கோம்."

"இங்க என்ன வேலை இருக்கு? ஆடு விரட்டுறதுதான். அதுக்கு நான் இருக்கேன்."

உத்தரவை நீட்டினாள். அவர் இரண்டு தரம் படித்தார்.

"கரண்டுக்கே இன்னும் எழுதிப் போடலையேம்மா..."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலர் தைப்பவள் மேனேஜருக்குப் போன் போட்டாள். ஐந்தாவது தடவைதான் அவர் எடுத்தார்.

"வந்துட்டோம் சார். நீங்க சொன்ன இடத்துலதான் நிக்கிறோம். மெஷின் எங்க?"

"உங்களை யாரு போகச் சொன்னது?"

"நீங்கதான். உங்க கையெழுத்து என் கையில இருக்கு."

போன் துண்டிக்கப்பட்டது.

"ஐயா, நாங்க வந்த நேரத்தை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றாள் காவல்காரரிடம்.

"என் வேலை போயிடும்மா."

"எங்களுக்குப் போயிடுச்சு."

அவர் தலையைக் குனிந்தபடி கொட்டகைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் இருந்தது.

அக்கா குடித்துக்கொண்டிருக்கும்போது காலர் தைப்பவளின் போனில் குறுஞ்செய்தி வந்தது. மணி எட்டு பத்து.

"என்னவாம்? சத்தமாப் படி."

அவள் மதிலின் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு படித்தாள். "தாங்கள் இன்று புதிய தொழிற்சாலையில் பணிக்கு வராததால், தாங்களாகவே விலகியதாகக் கருதப்படுகிறீர்கள்."

கூரையில்லாத தூண்களுக்கு நடுவே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.