ரப்பரின் மேல் பெயிண்ட்

“எங்கேயோ தொடுது” என்றாள் அவள், காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றாமலே.

“எது எதைத் தொடுது?” என்று கேட்டார் தலைமை வடிவமைப்பாளர்.

“அதான் தெரியல சார். மோட்டார் தொடக் கூடாத எதையோ தொடுது.”

துறைமுக வாயிலில் இருந்த ஒற்றை அறை அது. கடலடியில் போட்டிருந்த ஒலிவாங்கியிலிருந்து ஒரு கம்பி வந்து மேசைமேல் இருந்த பெட்டியில் முடியும். வெளியே தண்ணீருக்கு அடியில் புது நீர்மூழ்கி சோதனைக்காகப் போவதும் வருவதுமாக இருந்தது. மேலே வரும்போது காற்றுக் குழாயை நீட்டி, டீசல் இன்ஜினை ஓட்டி, பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். கீழே போனபின் இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் மோட்டாரை ஓட்டும். அந்த மோட்டார் சத்தம் போடக் கூடாது. இந்த மாதிரிப் படகுக்குப் பெரிய வேகம் கிடையாது, பெரிய உடம்பும் கிடையாது. இருக்கிற இடம் தெரியாமல் இருக்கத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த அமைதியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கட்டுமானத் தளத்தில் நேருக்கு நேர் அவள் ‘மேடம்’. முதுகுக்குப் பின்னால் ‘காது’. “காது வருது, வாயை மூடு” என்று வெல்டர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வது அவளுக்கும் கேட்கும். கேன்டீனில் யாராவது கரண்டியைக் கீழே போட்டால், “போச்சு, எதிரிக்குக் கேட்டிருக்கும்” என்பார்கள். அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

இப்போது கேட்டது மெல்லிய முனகல். பல்வலிக்காரன் தூக்கத்தில் முனகுவது போல. மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது மட்டும் வந்தது.

“மீன் சத்தமா இருக்கும்” என்றார் தலைமை.

“மோட்டார் சுத்துறதுக்குத் தகுந்த மாதிரி எந்த மீன் சார் பாடும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

படகு கரைக்கு வந்ததும் அவள் மோட்டார் அறைக்குள் இறங்கினாள். அறை என்று பேர். ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். மோட்டார் நேராகப் படகின் உடம்பில் உட்காராது. தடித்த ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் நடுக்கத்தை ரப்பர் வாங்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அவள் வயிற்றின் மேல் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டிப் பார்த்தாள்.

“டார்ச்சை இப்படிக் காட்டுடா.”

காட்டியவன் அவள் தம்பி. இந்த மோட்டாருக்கு ஆள் அவன்தான். அதை ஓட்டுவதும் துடைப்பதும், அதன் பக்கத்துப் பலகையில் படுத்துத் தூங்குவதும் அவன்தான்.

“என்னக்கா, எதையாவது தொலைச்சிட்டியா?”

“ரப்பர் என்ன நிறத்துல இருக்கணும்?”

“கறுப்பு.”

“இது என்ன நிறம்?”

அவன் குனிந்து பார்த்தான். “சாம்பல். நான் வந்த நாளிலேர்ந்து சாம்பல்தான். சுவரு, தரை, குழாய், எல்லாம் ஒரே நிறமா அம்சமா இருக்கேன்னு நினைச்சேன்.”

அவள் நகத்தால் சுரண்டினாள். நகம்தான் உடைந்தது. பேனாக்கத்தியை வாங்கிக் கீறினாள். சாம்பல் நிறத்துக்குக் கீழே இன்னொரு சாம்பல், அதற்குக் கீழே வேறொன்று. கட்டைக்கு மேல் இருந்த இரும்புத் தட்டையும் கீழே இருந்த இரும்புத் தட்டையும் சேர்த்து, நடுவில் ரப்பரையும் மூடி, கல் மாதிரி ஓடு கட்டியிருந்தது. பக்கத்திலேயே சின்னத் தகடு ஒன்று. அதுவும் சாம்பல். அவள் விரலால் தடவி எழுத்துகளைப் படித்தாள்: இங்கே பெயிண்ட் அடிக்காதீர்.

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்தத் தளத்தில் பெயிண்ட் மேஸ்திரி வேறு யாரும் இல்லை. அவள் கணவர்.

வீட்டுக்குப் போனபோது அவர் பின்கட்டில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மோட்டார் ரூம்ல ரப்பர் மேல எல்லாம் அடிச்சிருக்கு” என்றாள்.

“அடிச்சிருப்பாங்க.”

“அடிச்சிருப்பாங்க இல்ல. நீங்க பக்கத்துல நின்னு அடிக்க வெச்சிருக்கீங்க.”

“ஆமா, நின்னேன். மந்திரி பார்க்க வர்றாருன்னாங்க, அடிச்சோம். வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க, அடிச்சோம். அட்மிரல் வந்தாரு. அப்புறம் அட்மிரலோட சம்சாரம் தனியா வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் உங்க தலைமை என்கிட்ட வந்து, பார்த்தா புதுசு மாதிரி இருக்கணும்னாரு. புதுசுதானே சார்னு கேட்டேன். இன்னும் புதுசான்னாரு.”

“அடிக்காதேன்னு தகடு இருந்துச்சே?”

“அது துருப்பிடிச்சு அசிங்கமா இருந்துச்சு. அதுக்குத்தான் முதல்ல அடிச்சோம்.”

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

“பெயிண்டுதானே?” என்றார் அவர். “தாள் மாதிரி இருக்கும். அதுல என்ன வந்துடப் போகுது?”

“தாள்தான். அடுக்கிக்கிட்டே போனா ஓடு. மோட்டாரோட நடுக்கம் ரப்பருக்குள்ள அடங்காம அந்த ஓடு வழியா இறங்குது. உடம்புக்கு வருது. உடம்பிலேர்ந்து தண்ணிக்குப் போகுது. தண்ணிக்குப் போனா ஊருக்கே கேட்கும்.”

துணி அவர் கையில் அப்படியே நின்றது. “மாப்ள உக்காருற இடம் அது” என்றார், அவள் தம்பியைச் சொல்லி.

“ஆமா.”

“சுரண்டிடலாம்.”

“சுரண்டுங்க.”

தன் ஆட்களில் ஒருவரையும் அவர் கூட்டிப் போகவில்லை. ‘நான் அடிக்கச் சொன்னது, நானே எடுக்கிறேன்’ என்று தகட்டுக் கத்திகளை எடுத்துக்கொண்டு அவரே இறங்கினார். படுத்தபடி, ஒருக்களித்தபடி, சில இடங்களில் கண்ணாடியை வைத்துப் பார்த்தபடி சுரண்டினார். கண்ணிமையில் சாம்பல் தூளோடு வீட்டுக்கு வருவார். “முன்வரிசை முடிஞ்சுது” என்பார். “பக்கவாட்டுல பாதி” என்பார். சாப்பிடும்போது விரல்கள் மடங்காது. ஒருநாள் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

“பின்வரிசைக்குக் கை போகல” என்றார் கடைசியில். “கத்தியைக் கம்பில கட்டிப் பார்த்தேன். அதுவும் போகல. சுரண்டின இடத்துலயும் ரப்பர் ரப்பரா இல்ல. பெயிண்ட்ல ஊறி, காய்ஞ்ச ரொட்டி மாதிரி வெடிச்சுக் கிடக்கு. அழுத்தினா உதிருது.”

“மாத்தணும்.”

“மாத்தணும்னா மோட்டாரைத் தூக்கணும்.”

மோட்டார் உள்ளே போன பிறகுதான் படகின் உடம்பை மூடினார்கள். அந்த இரும்பைச் சுற்றிலும் பற்றவைத்து, ஒவ்வொரு அங்குலத்தையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மூடியது. மோட்டாரை அசைக்க வேண்டுமென்றால் உடம்பை அறுத்துத் திறக்க வேண்டும்.

மறுபடி கடலில் ஓட்டிப் பார்த்தார்கள். முனகல் மெலிந்திருந்தது. போகவில்லை.

“அறுக்கணும் சார்” என்றாள் தலைமையிடம். அவர் அறைச் சுவர் முழுக்கப் படகின் வரைபடங்கள். இளைஞனாக வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட முதல் கோடுகூட அதில் எங்கேயோ இருந்தது.

“உக்காருங்கம்மா.”

“நின்னுக்கிட்டே சொல்றேன் சார். அறுத்து, கட்டையெல்லாம் மாத்தி, மூடணும்.”

“அறுத்தா என்ன ஆகும் தெரியுமா? ஏற்கெனவே வருஷக்கணக்கா தாமதம். இன்னொரு தடவை திறக்கணும்னு மேல போய்ச் சொன்னா, திறக்கவே வேண்டாம், மூடிட்டுப் போங்கன்னு திட்டத்தையே மூடிடுவாங்க. அப்ப உங்க தம்பி எதுல போவான்? பழைய படகுல. அதோட உடம்பு எப்படி இருக்குன்னு நீங்களே வந்து என்கிட்ட சொன்னீங்க. தேய்ஞ்சு போச்சு, ஆழத்துக்குப் போனா நசுங்கிடும்னு.”

அவள் உட்கார்ந்தாள்.

“இதுல ஒரு வழி இருக்கு” என்றார் அவர். “எந்தச் சுற்று வேகத்துல முனகுதோ அந்த வேகத்தை மீட்டர்ல சிவப்பாக் குறிச்சிடுவோம். அந்த இடத்துல நிக்கக் கூடாது. அதுக்குக் கீழ ஓட்டு, இல்ல மேல ஓட்டு. உலகத்துல எல்லாப் படகுலயும் இப்படி ஒரு சிவப்பு இருக்கு.”

“இருக்கு சார். ஒளியிற வேகத்துல இருக்காது. இந்த வேகத்துக்குக் கீழ போனா படகு சுக்கானுக்கு அடங்காது, கல்லு மாதிரி இறங்கும். மேல போனா பேட்டரி சீக்கிரம் தீரும். தீர்ந்தா மேல வந்து குழாயை நீட்டி டீசலைப் போடணும். அது கல்யாண வீட்டு மேளம் மாதிரி. யாரு வேணா கேட்கலாம். ஒளிஞ்சிருக்கணும்னா அந்தச் சிவப்புலதான் சார் நிக்கணும். வேற இடமே இல்ல.”

“எனக்குத் தெரியாதா?”

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தணிந்த குரலில், அவளிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். “பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்தான்மா. உங்க வீட்டுக்காரரை யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. என்னையும் கேட்க மாட்டாங்க. கேட்டாத்தான் நல்லா இருக்கும். அடுத்த படகுல சரி பண்ணிடலாம்.”

சிவப்புக் கோடு போட்டார்கள். கோட்டைப் போட ஒரு பெயிண்டர்தான் தேவைப்பட்டான். படகைக் கடற்படை வாங்கிக்கொண்டது. அந்த வாரம் கடல் எல்லையில் நிலவரம் சரியில்லை. அந்தப் பக்கத்துக் கப்பல்கள் தண்ணீருக்குள் காதை விட்டுக்கொண்டு திரிகின்றன என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். முதல் பணிக்கே அங்கேதான் அனுப்புகிறார்கள் என்று தம்பி வந்து சொன்னான்.

புறப்படுவதற்கு முந்தின மாலை அவன் சாப்பிட வந்தான். மேஸ்திரி அவனுக்கு முட்டையை எடுத்து எடுத்து வைத்தார்.

“போதும் மாமா. என் எடை கூடிட்டா படகு சாஞ்சிடும். அங்க ஒவ்வொரு மூட்டையையும் எடை போட்டுத்தான் ஏத்துறாங்க.”

“சாப்பிடு மாப்ள.”

“ஏன் ரெண்டு பேரும் எழவு வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கீங்க? சிவப்புல நிக்கக் கூடாது, அவ்வளவுதானே? நான்தானே ஓட்டுறேன். நிக்க மாட்டேன்.”

“கேப்டன் நிக்கச் சொன்னா?” என்றாள் அக்கா.

அவன் தட்டைப் பார்த்தான்.

“உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. காதுல சீழ், வயித்துல வலி, ஏதோ ஒண்ணு. நான் டாக்டர்கிட்ட பேசுறேன்.”

“எனக்குப் பதிலா வர்றவன் போன மாசம் சேர்ந்தவன். அந்த மோட்டார் எப்ப முரண்டு பிடிக்கும்னு அவனுக்குத் தெரியாதுக்கா. மத்தவங்க எல்லாரும் அவன் கையிலதான் இருப்பாங்க.” பிறகு, “அது எப்படித்தான் இருக்கும்? வெளியிலேர்ந்து கேட்டா?” என்றான்.

அவள் உள்ளே போய்ப் பதிவுக் கருவியை எடுத்துவந்து அதன் ஹெட்போனை அவன் காதில் மாட்டினாள். அவன் வாயில் இருந்ததை மெல்லாமல் கேட்டான். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டான்.

“நான் இதுக்குப் பக்கத்துலயேதான் தூங்குறேன்” என்றான். “ஒருநாள்கூடக் கேட்டதில்லயே.”

“உள்ள இருக்கிறவங்களுக்குக் கேட்காது.”

“பாவம்போல இருக்கு” என்றான். “யாரையோ கூப்பிடுற மாதிரி.”

மேஸ்திரி எழுந்து கைகழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மாமாகிட்ட கோபத்தைக் காட்டாதக்கா. கை எப்படி இருக்குன்னு பார்த்தல்ல?” என்றான். பையை எடுத்துக்கொண்டான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, “முட்டைக்கு உப்பு பத்தல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவள் துறைமுக வாயில் அறையில் இருந்தாள். புறப்படுகிற படகின் சத்தத்தைப் பதிவு செய்வது வழக்கம். அலைத்தடுப்பைத் தாண்டி, டீசலை அணைத்து, படகு கீழே இறங்கியது. மோட்டாருக்கு மாறியது. மெதுவாகப் போனது. துறைமுகத்தின் ஆழம் குறைந்த தண்ணீரில் வேகமாகப் போக முடியாது.

அவளே போட்ட கணக்குப்படி, வெளி மிதவைக்கு முன்னாலேயே சத்தம் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துவிட வேண்டும். நேரக் கணக்கில் மிதவை வந்தது. படகு மிதவையைத் தாண்டியது. முனகல் இருந்தது.

தொலைபேசியில் தலைமை. “போயிடுச்சா?”

“படகு போயிடுச்சு சார்.”

“சத்தம்?”

“கேட்குது.”

அவர் மூச்சுவிடுவது கேட்டது. “பதிவு பண்ணினது போதும். நிறுத்திட்டு வீட்டுக்குப் போங்க” என்று வைத்துவிட்டார்.

அவள் பதிவை நிறுத்தினாள். காதில் இருந்ததை எடுக்கவில்லை. சரக்குக் கப்பல் ஒன்று உறுமிக்கொண்டு மேலே போனது. அது கடந்தபின் அடியிலிருந்து அந்த மெல்லிய குரல் மறுபடி வந்தது.

கதவைத் திறந்துகொண்டு மேஸ்திரி வந்தார். வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது, சட்டை சுத்தமாக இருந்தது.

“மாப்ளையா?” என்றார்.

அவள் தலையசைத்தாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மச்சான் இருக்கிறான், நன்றாக இருக்கிறான், கேட்கிறது. ஒரு நொடிதான். பிறகு, இங்கே கேட்பது எதிரிக்கும் கேட்கும் என்பது அவருக்கும் விளங்கியது. மெதுவாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இன்னும் எவ்வளவு தூரம் கேட்கும்?”

“தெரியல.”

“சத்தம் நின்னா நல்லதா, கேட்டா நல்லதா?”

அவள் வாயைத் திறந்தாள். காதுக்குள் முனகல் போய்க்கொண்டே இருந்தது. கையால் அவர் வாயைப் பொத்தி, பேசாதீங்க என்பது போலத் தலையை ஆட்டினாள்.